மறைத்து வைக்கும் நோய்

(ஸ்ரீவராகத்தில் நடந்த நமது சங்கக் குடும்பக் கூட்டத்தில் நிகழ்த்தப்பட்ட உரை. பேச்சு நடை மாறாமல் தரப்படுகிறது.)

 

கூலி, வாடகை, ரேஷன் கார்டு, பிள்ளைகளின் பள்ளிக்கூடம் ஆகியவற்றைப் பேசியே பழக்கப்பட்டது நமது சங்கம். இன்றைய கூட்டத்தின் பொருள் மனநோய் என்று அறிவிப்புப் போனதும் இரண்டொரு தோழர்கள் என்னிடம் நேரிலேயே கேட்டார்கள்: "இதற்கு டாக்டர் இருக்கிறார், இல்லாவிட்டால் சாமி இருக்கிறது. சங்கத்துக்கு இதில் என்ன வேலை?" நியாயமான கேள்விதான். அதற்குப் பதில் சொல்லிவிட்டே மேலே போகிறேன்.

2021-ஆம் ஆண்டில் இந்தியாவில் 1,64,033 பேர் தற்கொலை செய்துகொண்டதாக தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் கணக்குக் கொடுத்தது. அதில் 42,004 பேர் தினக்கூலிகள். நாலு பேருக்கு ஒருவர் நம்மவர். அதே கணக்கில் நாடு முழுவதற்கும் லட்சம் பேருக்கு 12 சாவு என்றால், தமிழ்நாட்டுக்கு 24-க்கு மேல், கேரளத்துக்கு 26.9. அதாவது நாம் புறப்பட்டு வந்த மாநிலத்திலும் சராசரியைப் போல் இரண்டு மடங்கு. வந்து சேர்ந்த மாநிலத்திலும் இரண்டு மடங்கு. இரண்டுக்கும் நடுவே ரயிலிலும் பஸ்ஸிலும் போய் வந்துகொண்டிருக்கும் தினக்கூலிக் குடும்பங்கள் நாம். கட்டடத்தில் சாரம் சரிந்து ஒரு தோழர் இறந்தால் சங்கம் போகிறது, நஷ்டஈடு கேட்கிறது. வாடகை அறைக்குள் ஒருவர் இறந்தால் மட்டும் "குடும்பத் தகராறு" என்று சொல்லிவிட்டு நாம் கலைந்துவிடலாமா?

இனி நோய்க்கு வருவோம்.

இந்த நகரத்தில் ஒருவரைக் கேலி செய்ய வேண்டுமானால் "ஊளம்பாறைக்குக் கொண்டுபோக வேண்டும்" என்பார்கள். நம் ஊர்ப் பக்கம் "கீழ்ப்பாக்கம் கேஸ்" என்போம். சினிமாவில் சிரிப்புக்கு இது போதும். ஆனால் ஊளம்பாறை என்பது என்ன? பேரூர்க்கடைப் பக்கத்தில் 1870-இல் தொடங்கிய அரசு ஆஸ்பத்திரி. இன்று அதற்கு மனநல மையம் என்று பெயர். கீழ்ப்பாக்கம் ஆஸ்பத்திரி இப்போது இருக்கும் இடத்துக்கு வந்தது 1871-இல். அதன் தொடக்கம் 1794 வரை போகிறது. 1961 முதல் 1978 வரை அதன் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் டாக்டர் சாரதா மேனன். இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அவரைச் சொல்வார்கள். மலையாளக் குடும்பத்தில் பிறந்த ஒரு அம்மையார் தமிழர்களுக்கு வைத்தியம் பார்த்தார். இங்கே மலையாள டாக்டர்கள் நமக்குப் பார்க்கிறார்கள். இதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

நம் பாட்டன்மார்களின் பயத்துக்குக் காரணம் இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1912-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பெயரே பைத்தியக்காரர் சட்டம். மாஜிஸ்திரேட் உத்தரவுடன் உள்ளே போனவர் எப்போது வருவார் என்று வீட்டாருக்குத் தெரியாது. அந்தக் காலம் போய்விட்டது. இன்று அங்கே புற நோயாளியாகப் போகிறவர்களில் பெரும்பாலோர் சீட்டு வாங்கி, டாக்டரைப் பார்த்து, மாத்திரையோடு அன்றைக்கே வீடு திரும்புகிறார்கள். கிழக்கேகோட்டையில் பஸ் ஏறினால் அரை நாள் வேலை.

ஆனால் போவதற்கு முன்னால் நோய் என்று தெரிய வேண்டுமே! நம்மவர் டாக்டரிடம் போனால் "மனசு" என்ற வார்த்தையை முதலில் எடுப்பதே இல்லை. தலை கனக்கிறது, நெஞ்சு படபடக்கிறது, உடம்பெல்லாம் எரிச்சல், கைகால் அசதி, சோறு இறங்கவில்லை, மூச்சு முட்டுகிறது என்றுதான் சொல்வார். இது பொய்யல்ல. மனத்தின் நோய் உடம்பில்தான் பேசுகிறது. எனக்குத் தெரிந்த ஒரு கொத்தனார், நாற்பது வயது, நெஞ்சு அடைக்கிறது என்று தனியார் ஆஸ்பத்திரிகளில் மூன்று முறை ஈ.சி.ஜி. எடுத்தார். மூன்றிலும் ஒன்றுமில்லை. "ஒன்றுமில்லை" என்று சொல்வதற்கு இரண்டு வாரக் கூலி போயிற்று. நாலாவது முறை அரசு ஆஸ்பத்திரியில் ஒரு இளம் பெண் டாக்டர், "ராத்திரி உறக்கமுண்டோ?" என்று கேட்டார். அந்த மனிதர் அங்கேயே அழுதுவிட்டார். மூன்று மாதமாக விடியற்காலை மூன்று மணிக்கு விழிப்பு வந்து, அதற்குப் பின் உறக்கம் கிடையாது. யாரும் அவரை அதுவரை அந்தக் கேள்வி கேட்கவில்லை.

அவருக்கு இருந்தது பதற்ற நோய். அதைப் புரிந்துகொள்வது கடினமல்ல. ஆபத்து வந்தால் ஊதுவதற்கு உடம்புக்குள் ஒரு சங்கு இருக்கிறது, மில் சங்கு மாதிரி. நாய் துரத்தினால் அது ஊதுகிறது. இதயம் வேகமாக அடிக்கிறது, வியர்க்கிறது, கால் ஓடத் தயாராகிறது. ஓடித் தப்பியதும் சங்கு நின்றுவிடும். பதற்ற நோயில் நாயும் இல்லை, ஆபத்தும் இல்லை. சங்கு மட்டும் நிற்காமல் ஊதுகிறது. சிலருக்குத் திடீரென்று பத்து, இருபது நிமிஷம் உச்சத்துக்குப் போய், இதோ சாகப் போகிறேன் என்று தோன்றி, பிறகு தணியும். முதல் தடவை நெஞ்சுவலி வந்தால் இதயத்தைப் பார்க்கத்தான் வேண்டும், அதில் அலட்சியம் கூடாது. பார்த்து இதயத்தில் கோளாறு இல்லை என்று தெரிந்த பின்பும் தொடர்ந்தால், அடுத்து போக வேண்டிய இடம் வேறு.

மனச்சோர்வு நோய் இதிலிருந்து கொஞ்சம் வேறுபட்டது. கவலைக்கும் அதற்கும் உள்ள வித்தியாசத்தைத் தாய்மார்கள் சீக்கிரம் பிடித்துக்கொள்வார்கள். கவலை உள்ளவள் பிள்ளை சிரித்தால் தானும் சிரித்துவிடுவாள். இந்த நோய் உள்ளவளுக்குப் பிள்ளை சிரிப்பதும் தெரியாது. பிடித்த குழம்பு ருசிக்காது. ஊரிலிருந்து கல்யாணப் பத்திரிகை வந்தால் சந்தோஷம் வராது. குளிப்பதற்கே மலையேறுவது போல் பாரம். "நான் எதற்கும் லாயக்கில்லை, எல்லோருக்கும் பாரமாக இருக்கிறேன்" என்ற எண்ணம் விடாமல் வரும். இப்படி இரண்டு வாரத்துக்கு மேல் அனேகமாக நாள் முழுவதும் இருந்தால் அது நோய், சோம்பேறித்தனமல்ல, திமிரல்ல. பிரசவத்துக்குப் பின்னும் இது வரும். பெற்ற பிள்ளையைத் திரும்பிப் பார்க்காத பெண்ணை மாமியார் ஏசுவதற்கு முன் டாக்டரிடம் காட்டட்டும். தைராய்டு கோளாறும் ரத்தசோகையும் இதே வேஷம் போட்டு வரும் என்பதால் ரத்தப் பரிசோதனையும் சேர்த்துச் செய்வார்கள்.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-இல் கேரளம், தமிழ்நாடு உட்பட 12 மாநிலங்களில் வீடு வீடாக ஆய்வு நடத்தியது. வயது வந்தவர்களில் நூற்றுக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோயோடு இருந்தார்கள். அவர்களில் மிகப் பெரும்பாலோர் வைத்தியமே பார்க்கவில்லை. இந்தக் கூட்டத்தில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். இது அடுத்த வீட்டு விஷயமல்ல.

நமக்கென்று ஒரு தனித் தொல்லையும் உண்டு, அது பாஷை. மலையாளமும் தமிழும் அக்காள் தங்கை என்று மேடையில் பேசுகிறோம். ஆஸ்பத்திரியில் அந்த உறவு சில சமயம் காலை வாரிவிடும். டாக்டர் "விஷமமுண்டோ?" என்று கேட்பார். மனவருத்தம் உண்டா என்பது அவர் கேள்வி. நம்மாள் பதறிப்போய், "நான் ஒரு விஷமமும் செய்யலீங்க சார்" என்பார். (சிரிப்பு) "பேடியுண்டோ?" என்றால் பயம் இருக்கிறதா என்று அர்த்தம். நம்மாளுக்குக் கோபம் வந்துவிடும்: "என்னைப் பார்த்துப் பேடி என்கிறானே!" நாம் "ரொம்ப அவசரம் சார்" என்போம், மலையாளத்தில் அவசரம் என்றால் சந்தர்ப்பம். சிரிக்கிறோம், சரி. ஆனால் வருத்தமும் இல்லை, பயமும் இல்லை என்று சீட்டில் எழுதிவிட்டால் அந்த மனிதருக்கு வைத்தியம் நடக்காது. இதயம், வயிறு சம்பந்தமான நோயில் கருவி பார்த்துச் சொல்லிவிடும். இந்த நோயில் வார்த்தைதான் பரிசோதனை. ஆகவே மலையாளம் நன்றாகத் தெரிந்த ஒருவர் கூடப் போக வேண்டும். அது வீட்டுப் பிள்ளையாக இருக்கக் கூடாது. இங்கே மலையாளப் பள்ளியில் படிக்கும் பத்து வயதுப் பெண், "அம்மாவுக்குச் சாகணும்போல இருக்குதாம்" என்று டாக்டரிடம் மொழிபெயர்த்துச் சொல்லும் நிலை வரக் கூடாது. சங்கத்துக்கு இது ஒரு வேலை.

இப்போது நம் தோழர்களோடு கொஞ்சம் வாதாட வேண்டியிருக்கிறது. "மனநோய் என்பதெல்லாம் முதலாளித்துவம் கட்டிய கதை. வறுமையும் கடனும் தீர்ந்தால் இதுவும் தீரும்" என்று சிலர் சொல்கிறார்கள். இதில் பாதி உண்மை. 2017 அக்டோபரில் நெல்லை கலெக்டர் அலுவலகத்தில் கந்துவட்டிக் கொடுமை தாங்காத ஒரு கூலித் தொழிலாளி, மனைவி, இரண்டு குழந்தைகள் உயிரிழந்தார்கள். பலமுறை மனுக் கொடுத்த குடும்பம் அது. கந்துவட்டியைத் தடுக்கும் சட்டம் தமிழ்நாட்டில் 2003-இலேயே வந்துவிட்டது. இங்கே கேரளத்தில் பிளேடு வட்டிக்காரர்களுக்கு எதிராக 2014-இல் அரசு "ஆபரேஷன் குபேரா" நடத்தியதும் இதே திருவனந்தபுரத்தில் ஒரு குடும்பம் கடனால் அழிந்த பின்னர்தான். இப்படிப்பட்ட சாவுகளை "மன அழுத்தம்" என்ற ஒரு வார்த்தையில் எழுதி மூடிவிட நாம் விடக் கூடாது. மனு வாங்கிய மேஜைக்கும் வட்டி வாங்கிய கைக்கும் அதில் பங்கு உண்டு.

ஆனால் மறுபாதியையும் பாருங்கள். கடன் தீர்வதற்கு வருஷம் ஆகும். கூலி உயர்வுக்குப் போராட்டம் நடத்த மாதங்கள் ஆகும். அதுவரை அந்த மனிதர் உயிரோடு இருக்க வேண்டாமா? சோர்வு நோய் பிடித்தவருக்குச் சங்கத்துக்கு வரவும் தெம்பு இராது, வட்டிக்காரனை எதிர்த்து நிற்கவும் தெம்பு இராது. காசநோய்க்கு வறுமையும் நெருக்கடியான குடியிருப்பும் காரணம் என்பதற்காக, சோஷலிசம் வரட்டும் என்று யாராவது காசநோய் மாத்திரையை நிறுத்தி வைக்கிறோமா?

இலங்கையில் நடந்ததைக் கேளுங்கள். 1995-இல் அங்கே தற்கொலை விகிதம் லட்சத்துக்கு 47 வரை போய், உலகத்திலேயே மிக உயர்ந்தவற்றில் ஒன்றாக இருந்தது. அந்த ஆண்டிலும் 1998-இலும் மிகக் கொடிய பூச்சிமருந்துகள் சிலவற்றை அரசு தடை செய்தது. பத்தே ஆண்டில் விகிதம் பாதியாக இறங்கிற்று. அந்தப் பத்தாண்டில் வறுமை போயிற்றா? யுத்தம் ஓய்ந்ததா? இல்லை. பிறகு எப்படி? சாக வேண்டும் என்ற எண்ணம் பெரும்பாலும் அலைபோல் வந்து போவது. அந்த நேரத்தில் கைக்கெட்டும் தூரத்தில் உயிரைப் போக்கும் பொருள் இல்லாவிட்டால், அலை இறங்கிய பின் மனிதர் மிஞ்சுகிறார். அப்படி மிஞ்சியவர்களில் பெரும்பாலோர் பிற்பாடு வேறு காரணத்தால், வயதாகித்தான் சாகிறார்கள். ஊரில் வயல் வைத்திருப்பவர்கள் பூச்சிமருந்தை வீட்டுக்குள் வைக்காதீர்கள். பூட்டுப் போட்டு, சாவியை வேறொருவரிடம் கொடுங்கள். இங்கே அறையில் சேர்ந்து கிடக்கும் பழைய மாத்திரைகளையும் அப்படியே அப்புறப்படுத்துங்கள்.

அடுத்தது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயம். ஒருவர் தனக்குத் தானே தீங்கு செய்துகொண்டால் வீட்டார் முதலில் என்ன செய்கிறார்கள்? கதவைச் சாத்துகிறார்கள். இரண்டாவது, ஒரு கதை தயார் செய்கிறார்கள். வழுக்கி விழுந்தார், மருந்து மாறிக் குடித்துவிட்டார், கண்ணாடி குத்திவிட்டது என்று. ஏன்? போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்ற பயம். வெளியூர்க்காரர்களுக்கு அந்தப் பயம் இரட்டிப்பு: வீட்டுக்காரர் காலி செய்யச் சொல்வார், மேஸ்திரி வேலைக்குக் கூப்பிட மாட்டார்.

பழைய சட்டத்தை வைத்துப் பார்த்தால் அந்தப் பயம் சரிதான். 1860-ஆம் ஆண்டு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 309-ஆவது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவருக்கு ஒரு வருஷம் வரை சிறை என்றது. பிழைத்து எழுந்தவனைப் பிடித்து உள்ளே போடு என்று வெள்ளைக்காரன் எழுதி வைத்தான். நாமும் அதை நூற்றைம்பது வருஷத்துக்கு மேல் வைத்துக்கொண்டிருந்தோம். 1994-இல் உச்சநீதிமன்றம் அந்தப் பிரிவு செல்லாது என்றது; 1996-இல் அதே நீதிமன்றத்தின் பெரிய அமர்வு செல்லும் என்றது. கடைசியில் 2017-இல் வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், 2018 மே மாதம் அமலுக்கு வந்தபோது, அதன் 115-ஆவது பிரிவில் விஷயத்தைத் தலைகீழாக்கியது. தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொள்ள வேண்டும். அவர் மீது விசாரணையும் கூடாது, தண்டனையும் கூடாது. அவருக்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் தருவது அரசாங்கத்தின் கடமை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவில் அந்த 309 அடியோடு இல்லை. அரசு ஊழியரைக் கடமை செய்யவிடாமல் தடுக்கவோ நிர்ப்பந்திக்கவோ இப்படி முயல்வதற்கு மட்டும் ஒரு பிரிவு இருக்கிறது. நம் வீடுகளில் நடப்பது அதில் சேராது.

ஆஸ்பத்திரியில் போலீசுக்குத் தகவல் எழுதுவார்கள். போலீஸ்காரர் வந்து வாக்குமூலமும் கேட்கலாம். அது ஆஸ்பத்திரி நடைமுறை. நோயாளி மீது வழக்கு என்று அர்த்தமல்ல. ஆகவே, எது உள்ளே போயிற்று, எவ்வளவு, எத்தனை மணிக்கு என்பதை உள்ளபடி சொல்லுங்கள். டப்பா கிடந்தால் கையில் எடுத்துப் போங்கள். பொய் சொன்னால் டாக்டர் வேறொரு விபத்துக்கு வைத்தியம் பார்த்துக்கொண்டிருப்பார். காப்பாற்றக் கூடிய மணி நேரம் அதில் போய்விடும்.

இன்னொரு வகையும் உண்டு, இளம் பிள்ளைகளிடம் அதிகம். சாக வேண்டும் என்றே இல்லை. உள்ளே தாங்க முடியாத கொதிப்பு வரும்போது தன் உடம்பைத் தானே காயப்படுத்திக்கொள்வது. எந்த வெயிலிலும் முழுக்கைச் சட்டை போட்டுக்கொண்டு திரிகிற பிள்ளையைக் கவனியுங்கள். "நாடகம் போடுகிறாள்" என்று அடிக்காதீர்கள். அவளுக்கு அந்த வலி கொஞ்ச நேரம் மற்ற வலியை மறக்கடிக்கிறது. வேறு வழி அவளுக்கு யாரும் காட்டவில்லை. இன்று காயத்தோடு நிற்பது நாளை உயிருக்கே ஆபத்தாக முடியலாம். வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்காரர்கள் கணியம்பாடி வட்டாரத்தில் 1992 முதல் 2001 வரை கணக்கெடுத்தார்கள். பத்து வயதிலிருந்து பத்தொன்பது வரை உள்ள பெண்களில் லட்சத்துக்கு 148 பேர், ஆண்களில் 58 பேர் ஆண்டுதோறும் தற்கொலையால் இறந்திருந்தார்கள். நம் தமிழ்க் கிராமங்கள்தான் அவை. பத்தொன்பது வயதுக்குள் ஒரு பெண்ணுக்கு உயிர் அவ்வளவு வெறுத்துப்போக நாம் என்ன கொடுத்து வைத்திருக்கிறோம் என்று ஆண்கள் யோசிக்க வேண்டும். கல்யாணப் பேச்சு, படிப்பை நிறுத்துவது, குடித்துவிட்டு வந்து அடிப்பது, இவையெல்லாம் நம் கையில் உள்ளவை.

குடியைச் சொன்னதால் ஒன்று. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்து கேரளத்தில் மதுக்கடைகள் ஒரே நாளில் மூடின. குடிக்கு அடிமையானவர்களில் பலர் கை நடுங்கி, உளறி, மனம் பேதலித்தார்கள். சிலர் தற்கொலை செய்துகொண்டார்கள். டாக்டர் சீட்டு இருந்தால் மது தரலாம் என்று அரசு ஆணை போட, டாக்டர்கள் எதிர்த்தார்கள், உயர்நீதிமன்றம் நிறுத்திவைத்தது. பல வருஷம் தினமும் குடித்தவர் திடீரென்று நிறுத்தினால் அது உயிருக்கே ஆபத்து. ஆஸ்பத்திரியில் வைத்துத்தான் நிறுத்த வேண்டும். கேரள அரசின் விமுக்தித் திட்டத்தில் அதற்கு மையங்கள் உண்டு. சபதம் வாங்குவது மட்டும் போதாது.

கோயில், தர்கா பற்றிக் கேட்பீர்கள். பீமாபள்ளி நமக்குக் கூப்பிடு தூரம். ஏர்வாடிக்கும் குணசீலத்துக்கும் போய் வந்த குடும்பங்கள் இங்கே இருக்கின்றன. நான் யாருடைய நம்பிக்கையையும் பழிக்க வரவில்லை. திண்டுக்கல் பக்கம் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய, கடுமையான மனநோய் உள்ள 31 பேரை நிம்ஹான்ஸ் டாக்டர்கள் ஆராய்ந்து 2002-இல் வெளியிட்டார்கள். சில வாரங்களில் நோயின் கடுமை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைந்திருந்தது. அங்கே மந்திரம், தாயத்து என்று பெரிதாக ஒன்றும் இல்லை. யாரும் விரட்டவில்லை, குடும்பத்தார் ஒருவர் கூட இருந்தார், சின்னச் சின்ன வேலை கொடுத்தார்கள். ஆனால் அதே தமிழ்நாட்டில்தான் 2001 ஆகஸ்ட் 6-ஆம் தேதி விடியற்காலை, ஏர்வாடியில் தனியார் நடத்திய காப்பகத்தில் தீப்பிடித்தபோது, காலில் சங்கிலியோடு கட்டிக்கிடந்த 28 பேர் ஓட முடியாமல் கருகினார்கள். இன்றைய சட்டம் எந்த விதத்திலும் சங்கிலி போடக் கூடாது என்கிறது. கும்பிடப் போகிறவர்கள் போங்கள். மாத்திரையை மடியில் வைத்துக்கொண்டு போங்கள். யாராவது சங்கிலியை எடுத்தால் அங்கே நிற்காதீர்கள்.

மாத்திரை பற்றிய வதந்திகளையும் தீர்த்துவிடுகிறேன். நான் டாக்டர் இல்லை. அவர்கள் சொன்னதைத்தான் சொல்கிறேன். மனச்சோர்வுக்குத் தரும் மருந்து போதை மருந்தல்ல. ஆனால் தலைவலி மாத்திரை மாதிரி அன்றைக்கே கேட்காது. பலன் தெரிய இரண்டு முதல் நாலு வாரம் ஆகும். குமட்டல் போன்ற தொல்லைகள் மட்டும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நம்மவர்கள் சரியாக அந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்கள். குணமான பிறகும் ஆறு மாதத்துக்குக் குறையாமல் சாப்பிடச் சொல்வார்கள். டாக்டரைக் கேட்காமல் நிறுத்தக் கூடாது. பழக்கமாகிவிடும் அபாயம் உள்ளது வேறொன்று: மெடிக்கல் ஸ்டோரில் சீட்டில்லாமல் கேட்டு வாங்கும் தூக்க மாத்திரை. அதைத் தொடவே வேண்டாம். மருந்தோடு, உட்கார வைத்துப் பேசும் வைத்தியமும் உண்டு. லேசான நோய்க்கு அதுவே போதுமானதாக இருக்கும். முதலிலேயே ஊளம்பாறைக்குப் போகத் தயக்கமானால், பக்கத்துக் குடும்ப ஆரோக்கிய மையங்களில் 2017 முதல் "ஆஸ்வாசம்" என்ற பெயரில் மனச்சோர்வைக் கண்டறியும் திட்டம் நடக்கிறது, அங்கே தொடங்கலாம்.

கேட்பது எப்படி என்று ஒரு தங்கச்சி சீட்டு எழுதி அனுப்பியிருக்கிறார். நேராகக் கேளுங்கள். "உயிரோடு இருக்க வேண்டாம் என்று தோன்றுகிறதா?" என்று. கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே ஊட்டிவிடுவோம் என்று பயப்படுகிறோம். அப்படி ஆவதில்லை. பல பேர், யாராவது கேட்க மாட்டார்களா என்றுதான் காத்திருக்கிறார்கள். "ஆமாம்" என்று பதில் வந்தால் புத்திமதி சொல்லாதீர்கள். "உன்னைவிடக் கஷ்டப்பட்டவர்கள் இல்லையா" என்று ஆரம்பிக்காதீர்கள். கூடவே இருங்கள், தனியே விடாதீர்கள், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போங்கள். நடு ராத்திரி ஆனால் போனில் 14416 கூப்பிடுங்கள். டெலி மானஸ் என்று 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது. காசில்லை, தமிழிலும் பேசலாம். கேரள அரசின் திஷா எண் 1056. சென்னையில் 1986 முதல் நடக்கும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050.

கடைசியாகச் சங்கத்தின் முன் ஒரு யோசனை வைக்கிறேன். உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உட்பட ஐந்து நாடுகளில் ஐந்து இடங்களில் ஒரு சோதனை நடத்தியது. முடிவு 2008-இல் வெளிவந்தது. தற்கொலைக்கு முயன்று ஆஸ்பத்திரிக்கு வந்த 1,867 பேர். பாதிப் பேருக்கு வழக்கமான சிகிச்சை மட்டும். மறு பாதிக்கு அதோடு ஒரு மணி நேரம் விளக்கம்; பிறகு பதினெட்டு மாதத்தில் ஒன்பது முறை போன் அல்லது நேரில் விசாரிப்பு. முதல் வாரம், இரண்டாவது, நாலாவது, ஏழாவது, பதினொன்றாவது வாரம், பின்பு நாலு, ஆறு, பன்னிரண்டு, பதினெட்டாவது மாதம். அவ்வளவுதான். பதினெட்டு மாத முடிவில் வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 2.2 சதவீதம் பேர் தற்கொலையால் இறந்திருந்தார்கள். விசாரிக்கப்பட்டவர்களில் 0.2 சதவீதம்.

ஒன்பது முறை கதவைத் தட்டி, "எப்படி இருக்கீங்க மதினி, மாத்திரை சாப்பிட்டீங்களா, சாப்பாடு இறங்குதா?" என்று கேட்பதற்கு எம்.பி.பி.எஸ். வேண்டாம். சந்தா வசூலிக்க மாதம் தவறாமல் வீடு வீடாகப் போகிறோம். அதே கால்கள் போதும். கிளைக்கு ஒரு ஆண், ஒரு பெண். பெண் வீட்டுக்குப் பெண்தான் போக வேண்டும். வீட்டில் நடந்ததை அவர்கள் வெளியே சொல்லக் கூடாது. சொன்னால் பொறுப்பிலிருந்து எடுத்துவிட வேண்டும். எந்த வீட்டுக்கு எந்தத் தேதியில் போனோம் என்று ஒரு நோட்டு. அதில் பெயர் வேண்டாம், எண் போதும். மணக்காடு, சாலைக் கடைவீதிப் பக்கத்துக் கிளைகளையும் சேர்த்துக்கொள்ளலாம்.

ஆஸ்பத்திரிக்குப் போகும்போது ஆதார், பழைய மருந்துச் சீட்டு, இப்போது சாப்பிடும் மாத்திரையின் அட்டை மூன்றையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். காலையிலேயே போய்விடுங்கள், கூட்டம் இருக்கும். என் பேச்சு இவ்வளவுதான். இனி கேள்விகள். வழக்கம்போல் ஆண்கள் பக்கத்திலிருந்தே தொடங்காமல், இன்றைக்கு முதல் கேள்வி தாய்மார்கள் பக்கத்திலிருந்து வரட்டும்.